ஊற்றிக் காட்டச் சொன்னவள்

மருந்து டப்பாவைத் திறந்தால் உள்ளே எட்டாக மடித்த ஒரு மெல்லிய தாள் இருக்குமே, அதை முழுசாகப் படிக்கிறவர்கள் உலகத்தில் மொத்தம் ஏழு பேர் இருந்தால் அதிகம். அந்த ஏழு பேரிலும் இரண்டு பேர் மூக்குக்கண்ணாடி துடைக்க அதை எடுத்தவர்கள். எடுத்த பாவத்துக்கு நாலு வரி படித்தவர்கள். ஆனால் அந்தத் தாளை எழுதவும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. நமது கதையில் அந்த ஆள் ஒரு பெண்.

நூற்று இருபது பேர் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனி அது. தலைமை அலுவலகம் கடலுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து இங்கிலீஷில் வரும் தாளைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்புவது அவள் வேலை. கையெழுத்து இல்லாமல் அச்சு யந்திரம் ஓடாது. அவ்வளவு பெரிய கையெழுத்து. அதைப் போடுகிறவளுக்கு ஒதுக்கிய இடமோ மாடிப்படிக்குக் கீழே ஒரு சாய்ந்த அறை. உயரமானவர்கள் உள்ளே வந்தால் தலையில் இடித்துக்கொண்டுதான் வணக்கம் சொல்வார்கள். சுவருக்கு அடுத்த பக்கம் அச்சுக்கூடம். யந்திரம் ஓடத் தொடங்கினால் மேசையின் இந்தக் கோடியில் வைத்த டீ தம்ளர் மத்தியானத்துக்குள் தானாகவே நடந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு துளி சிந்தாது. பழக்கப்பட்ட தம்ளர்.

அவளுக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் என்று ஒன்று உண்டு. அது வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், பென்சிலில் இருந்தது. அந்தக் கம்பெனியில் நிரந்தர ஆட்கள் பெயர் முன்பக்கத்தில் மையால் இருக்கும். தற்காலிக ஆட்கள் பெயர் கடைசிப் பக்கத்தில் பென்சிலால். ஆள் போய்விட்டால் அழிக்கச் சுலபம் பாருங்கள். மூன்று வருஷமாக மாதாமாதம் காவல்காரர் பென்சிலைச் சீவி அவள் பெயரை மறுபடி எழுதிக்கொண்டிருந்தார். கூப்பிடுவதற்கு அந்தப் பெயரை யாரும் பயன்படுத்தவில்லை. எல்லோருக்கும் அவள் கேள்வி மேடம்.

அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அவளுடைய மாமியார் இரண்டு நாள் தூங்கிய கதையைச் சொல்லியாக வேண்டும்.

கல்யாணமான புதிது. மருமகள் இங்கிலீஷ் பாடத்தில் கல்லூரியிலேயே முதலாவது. மாமியாருக்கு இடுப்பு வலி. டாக்டர் கொடுத்த மாத்திரை டப்பாவில் இங்கிலீஷ் தாள் மட்டும்தான். "ஏம்மா, படிச்சவதானே, என்ன போட்டிருக்குன்னு பாரு" என்றாள் மாமியார். தாளில் ஒரே வரி. "ஒன் ஆர் டூ, ஆஸ் ரிக்வயர்ட்." மருமகள் அகராதி பார்க்காமலே சொன்னாள்: "ஒண்ணோ ரெண்டோ, தேவைப்படும்போது போட்டுக்கலாம் அத்தை. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது புரிஞ்சுது."

சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு. பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மார்க் விழுந்திருக்கும். ஆனால் மாமியாருக்குத் தேவைக்கு என்ன குறைச்சல்? காலையில் இடுப்புக்குத் தேவைப்பட்டது. பத்து மணிக்கு முட்டி ஞாபகப்படுத்தியது. பன்னிரண்டு மணிக்கு நாத்தனார் போன் பண்ணி அரைமணி நேரம் பேசினாள், அந்தத் தலைவலிக்கு இரண்டு. செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுப் படுத்தவள் வியாழக்கிழமைதான் கண் திறந்தாள்.

நடுவில் டாக்டர் வந்து பார்த்து, நாடி நன்றாக இருக்கிறது, கூடவே ஆள் இருங்கள், தூக்கம் தானாகத் தெளியும் என்று சொல்லிவிட்டுப் போனார். உறவுக்காரர்கள் மூன்று வண்டியில் வந்து இறங்கினார்கள். அவர்கள் படுத்திருந்தவளைப் பார்த்ததைவிட மருமகளைப் பார்த்ததுதான் அதிகம். அவள் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளும் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை.

வியாழக்கிழமை மாமியார் எழுந்து உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். சொன்னார்கள். யார் யார் என்ன நினைக்கிறார்கள் என்பது முகங்களிலேயே எழுதியிருந்தது. அதைப் படிக்க இங்கிலீஷ் வேண்டாம். மாமியார் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவ வேணும்னு செய்யல. வேணும்னு செஞ்சிருந்தா ஒழுங்கா செஞ்சிருப்பா. நம்ம வீட்டுல உருப்படியா வேலை செய்யறவ அவ ஒருத்திதான்."

வண்டிகள் மூன்றும் திரும்பிப் போயின. எல்லோரும் போன பிறகு மருமகள் பக்கத்தில் வந்து அழுதபோது, "அழாதடி. இந்த வலி வந்த பதினோரு வருஷத்துல இந்த ரெண்டு நாள்தான் நான் நிம்மதியா தூங்கினேன்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் காலமெல்லாம் நன்றியாக இருந்தாள். ஆனால் "புரிஞ்சுது" என்ற சொல்லை மட்டும் அன்றைக்குப் பிறகு அவள் மறுபடி நம்பவேயில்லை. புரிந்ததா என்று கேட்டால் யாராயிருந்தாலும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். இல்லையென்று சொல்ல வெட்கமாக இருக்காதா? அதனால் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளிலிருந்து அவள் கேள்வியை மாற்றிக்கொண்டாள். தாளைத் தமிழில் எழுதி முடித்ததும் மூன்று பேரைத் தனித்தனியாக அந்தச் சாய்ந்த அறைக்குக் கூப்பிடுவாள். படிக்கக் கொடுப்பாள். புரிந்ததா என்று கேட்க மாட்டாள். "இப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்பாள். சொன்னால் போதாது, செய்தும் காட்ட வேண்டும்.

அந்த மூன்று பேர்: வாசல் காவல்காரர், கேன்டீன் சமையல்காரம்மா, லாரி டிரைவர். ஏன் அவர்கள் என்றால், அவர்கள்தான் கூப்பிட்டால் வருவார்கள். கெமிஸ்ட்கள் தாளைப் பார்க்காமலே பதில் சொல்கிறவர்கள்.

"குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்ற வரி முதன்முதல் வந்தபோது காவல்காரர், நாலேமுக்கால் அடி மனிதர், ஸ்டூல் போட்டு ஏறி அலமாரியின் உச்சியில் புட்டியை வைத்துவிட்டு இறங்கினார்.

"சரி அண்ணே, ஸ்டூல் இல்லாத வீடு. வலி வந்தாச்சு. இப்ப என்ன செய்வீங்க?"

"என் பேத்தி குரங்கு மாதிரி ஏறுவா மேடம். எடுத்துக் குடுன்னா குடுத்துட்டுப் போறா."

"நன்றாகக் குலுக்கவும்" என்பதற்கு டிரைவர், "எதுக்குக் குலுக்கணும்? என் லாரியில வெச்சா அதுவே குலுங்கிக்குமே" என்றார். அவர் போகும் ரோட்டைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஒரு களிம்புத் தாளில், "அவாய்ட் சன்லைட்" என்று இங்கிலீஷில் மொட்டையாக இருந்தது. வெயில் கூடாது என்பது மருந்துக்கா, பூசிக்கொண்டவருக்கா? டிரைவர் களிம்பைத் துணியில் சுற்றி இருக்கைக்கு அடியில் வைத்தார். சமையல்காரம்மா களிம்பை ஜன்னலில் வைத்துவிட்டு, தான் தலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். கேள்வி மேடம் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டாள். பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது: இரண்டுக்கும்தான்.

இப்படி இருபத்தேழு தாள்கள் மூன்று வருஷத்தில் வெளியே போயின. இருபத்தேழும் மூன்று பேர் கைபட்டுக் கசங்கி, டீ சொட்டி, கிரீஸ் பட்டு, பிறகு அச்சான தாள்கள்.

இருபத்தெட்டாவது தாள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

குழந்தைகளுக்கான சளி மருந்து. சிவப்பாக, இனிப்பாக, ஆரஞ்சு வாசனையோடு ஒரு சிரப். அளவோடு கொடுத்தால் குழந்தை இருமாமல் உறங்கும். அளவு கூடினால் உறக்கம் கூடும். இன்னும் கூடினால் என்ன ஆகும் என்று தாளின் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. கேள்வி மேடம் அந்த வரியை நின்றுகொண்டே இரண்டு முறை படித்தாள். அவள் கண்ணுக்கு முன்னால் ஒரு கட்டில் வந்தது. கட்டிலில் இந்த முறை மாமியார் இல்லை, சின்ன உருவம்.

இங்கிலீஷில் அளவு ஒரே வரிதான். "டூ டீஸ்பூன்ஃபுல்ஸ் டெய்லி இன் டூ டோஸஸ், ஆஸ் நெசசரி." அவள் தமிழில் எழுதினாள்: "தினமும் இரண்டு டீஸ்பூன், இரண்டு வேளையாக, தேவைக்கேற்ப."

அன்றைக்கு நேரம்தான் இல்லை. லாரி நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். புட்டிகள் அடைத்தாயிற்று, டப்பாக்கள் தயார், தாள் ஒன்றுதான் பாக்கி. மேனேஜர் இரண்டு மணிக்கே வந்து படிக்கட்டுக்கூரையில் தலையை இடித்துக்கொண்டார். அவருக்குக் கம்பெனியில் 'பறக்கும் சார்' என்று பெயர். நடந்து வந்ததை யாரும் பார்த்ததில்லை. ஒரு கால் தரையில் படும்போது மற்றது அடுத்த அறையில் இருக்கும். கெட்டவர் இல்லை. அவசரம்தான்.

"என்னம்மா, கையெழுத்து?"

"இன்னும் மூணு பேரும் படிக்கல சார்."

"ஒரு நாள் படிக்கலன்னா என்ன? நீங்க படிச்சிருக்கீங்க, நான் படிச்சிருக்கேன். சளி மருந்தும்மா இது, ராக்கெட் இல்ல." குரலைத் தணித்தார். "உங்க பர்மனன்ட் ஆர்டர் என் மேசையில இருக்கு. இன்னைக்குத் தபாலோட தலைமை ஆபீசுக்குப் போகணும். நாலு மணிக்கு லாரி கிளம்பிடுச்சுன்னா, அஞ்சு மணிக்கு நான் நல்லபடியா ரெண்டு வரி எழுதி அனுப்பிடுவேன். லாரி நின்னா என்ன எழுதறது, நீங்களே சொல்லுங்க."

அவர் மிரட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்று வருஷப் பென்சில். வீட்டில் மாமியார் தினமும், "இன்னைக்கு மை போட்டாங்களா?" என்றுதான் கதவைத் திறப்பாள்.

பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். பிறகு மூடியை மறுபடி மாட்டினாள்.

"கால் மணி நேரம் குடுங்க சார். ஊத்திக் காட்டச் சொல்லிடறேன்."

பறக்கும் சார் பெருமூச்சு விட்டு, போகாமல் வாசற்படியிலேயே நின்றார். அவர் நின்றதை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து கோடு போட்ட சின்னக் கண்ணாடிக் கோப்பைகள் நாலு வந்தன. காலிப் புட்டியில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். வீட்டில் எதால் ஊற்றுவார்களோ அதை அவரவர் கொண்டுவர வேண்டும் என்பது கேள்வி மேடத்தின் சட்டம்.

முதலில் டிரைவர் வந்தார். இரண்டு வயதில் அவருக்கு ஒரு பெண் குழந்தை. அதனால் சத்தம் போடாமல், தாளில் விரல் வைத்துப் படித்தார். லாரியிலிருந்த சின்ன ஸ்பூனால் காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று ஊற்றினார். கோப்பையில் பத்து மில்லி.

மேனேஜர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? தெளிவாத்தான் இருக்கு."

அடுத்து காவல்காரர். படித்தார், மீசையைத் தடவினார். காலைக்கு இரண்டு ஸ்பூன், ராத்திரிக்கு இரண்டு ஸ்பூன். இருபது மில்லி.

"அண்ணே, ரெண்டு ஸ்பூன்தானே போட்டிருக்கு?"

"ஆமா, ரெண்டு ஸ்பூன். ரெண்டு வேளை. ரெண்டும் ரெண்டும் நாலு. எனக்குக் கணக்கு வரும் மேடம்."

மேனேஜர் வாயைத் திறந்தார். கேள்வி மேடம் கையால் இருங்கள் என்று ஜாடை காட்டினாள், ஏனென்றால் சமையல்காரம்மா வந்துகொண்டிருந்தாள். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் டிரைவர் முதலில் இருமினார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முழங்கை நீளத்துக்குக் கைப்பிடி, நுனியில் குழந்தையின் உள்ளங்கை அளவுக்குக் குழி. அறுபது பேருக்கு ஒரே நேரத்தில் டீ கலக்குகிற ஸ்பூன்.

"என்னக்கா இது?"

"டீ ஸ்பூன்னு போட்டிருந்துச்சே. எங்க கேன்டீன்ல டீ ஸ்பூன் இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் சாப்பாட்டு ஸ்பூன்."

ஒரு தடவை ஊற்றியதிலேயே கோப்பை நிரம்பி மேசையில் வழிந்தது. இரண்டாவதற்கு இடமில்லை. சிவப்புத் தண்ணீர் அகராதிக்கு அடியில் ஓடியது.

காவல்காரர் சிரித்தார். டிரைவர் சிரித்தார். அச்சுக்கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். சமையல்காரம்மாவின் முகம் மட்டும் சிறுத்துப் போயிற்று. ஸ்பூனை முந்தானைக்குள் மறைத்தாள். மறைகிற சாமானா அது? கைப்பிடி தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது.

மேனேஜரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "மேடம், இவங்களுக்காக எழுத முடியுமா? வீட்டுல யாராவது இப்படி ஊத்துவாங்களா? சாதாரணமா யோசிக்கிறவங்களுக்குத் தெளிவாத்தானே இருக்கு."

கேள்வி மேடம் நாலாவது கோப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க ஊத்துங்க சார்."

"நானா?"

"வீட்டுல குழந்தை இருமுது. இந்தத் தாள்தான் இருக்கு. இப்ப நீங்க என்ன செய்வீங்க?"

அவர் ஒரு வித்தைக்காரனைப் போலச் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். டிரைவரின் ஸ்பூனை வாங்கி, காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று ஊற்றினார். புட்டியைக் கீழே வைத்தார். "அவ்வளவுதான்."

"குழந்தை இன்னும் இருமுது சார். 'தேவைக்கேற்ப'ன்னு போட்டிருக்கே."

"அப்படியா? அப்ப இன்னொண்ணு குடுக்கலாம்." ஒன்று ஊற்றினார்.

"நிக்கல."

இன்னொன்றை ஊற்றப் போன கை பாதியில் நின்றது. கோப்பையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் கோட்டைப் பார்த்தார். டிரைவருக்குப் பத்து. தனக்குப் பதினைந்து, கையில் இன்னொன்று தயார். சாதாரணமாக யோசிக்கிற ஆள் அவர். சுவருக்கு அந்தப் பக்கம் யந்திரமும் கையெழுத்துக்காகச் சும்மா நின்றதால் தம்ளர்கூட நகரவில்லை.

"இதுல எது சரி?" என்றார் மேனேஜர். குரலில் பறத்தல் போயிருந்தது.

"எனக்குத் தெரியாது சார். எழுதினவங்களைத்தான் கேக்கணும்."

போன் போட்டார்கள். அங்கே அப்போது காலை நேரம். தாளை எழுதிய லேடி டாக்டரே பேசினாள். இங்கிலீஷில்தான் பேசினாள், நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

"அதில் என்ன சந்தேகம்? மொத்தம் பத்து மில்லி, இரண்டாகப் பிரித்து. யார் படித்தாலும் புரியுமே."

"புரியும் டாக்டர். உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா? அவங்க கையில ஒரு கோப்பையைக் குடுத்து, தாளைக் காட்டி, ஊத்தச் சொல்றீங்களா? நீங்க எதுவும் சொல்லாதீங்க."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. யாரையோ கூப்பிட்டார்கள், இன்னொருவரையும் கூப்பிட்டார்கள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கடல் தாண்டிக் கேட்டது. அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று மேனேஜர் போனைத் தட்டிப் பார்த்தார்.

"இரண்டு பேர் ஊற்றினார்கள்" என்று கடைசியில் டாக்டர் சொன்னாள். "ஒருத்தர் பத்து. ஒருத்தர் இருபது. இருவருக்கும் தாய்மொழியே இங்கிலீஷ்." பிறகு, "அச்சடித்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்ட விதத்தில் அவளும் ஒரு கட்டிலைப் பார்த்துவிட்டாள் என்று கேள்வி மேடத்துக்குத் தெரிந்தது.

"இல்ல. நான் கையெழுத்து போடல."

நாலு மணிக்கு லாரி கிளம்பவில்லை. டிரைவர் அதைச் சுவரோரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். மேனேஜர் தன் அறைக்குப் போனார், நடந்துதான் போனார். தபால் பை ஐந்து மணிக்குக் கட்டப்பட்டதைக் கேள்வி மேடம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்தப் பைக்குள் தன்னைப்பற்றி என்ன இரண்டு வரி போகிறது என்று தெரியவில்லை.

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சமையல்காரம்மா திரும்பி வந்தாள். இம்முறை கையில் ஸ்பூன் இல்லை.

"மேடம், அடுத்த தடவை என்னைக் கூப்பிடாதீங்க. வேற ஆளைப் பாருங்க. அச்சுக்கூடத்துல எனக்கு இப்பவே 'டீ ஸ்பூன்'னு பேர் வெச்சுட்டாங்க."

கேள்வி மேடம் துணியைக் கீழே வைத்தாள். "அக்கா, டிரைவர் தம்பி சரியா ஊத்தினாரு. அதே மாதிரி வாசல் அண்ணனும் நீங்களும் சரியா ஊத்தியிருந்தீங்கன்னா, நான் கையெழுத்து போட்டிருப்பேன். நாலு மணிக்கு லாரி போயிருக்கும். அந்தத் தாள் எத்தனை வீட்டுக்குப் போகும், எந்த வீட்டுல எந்த ஸ்பூன் இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஸ்பூன்லயே தப்பு வரும்னு காட்டினது நீங்க ஒருத்திதான், அதனாலதான் அந்தக் குழந்தைங்க தப்பிச்சுதுங்க. இந்தக் கம்பெனியிலேயே இன்னைக்குப் பெரிய வேலை பாத்தது நீங்கதான்."

"நிஜமாவா?"

"எங்க அத்தை மேல ஆணையா."

சமையல்காரம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்ப திங்கக்கிழமை எல்லாருக்கும் முன்னாடி இதைச் சொல்லணும். சும்மா என் காதுல மட்டும் சொன்னா ஆகாது."

சொன்னாள். திங்கட்கிழமை மத்தியானம் கேள்வி மேடம் கேன்டீனில் நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெஞ்சில் ஏறி நின்று சொன்னாள். மேடையேறிப் பழக்கமில்லாதவள். இருந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சமையல்காரம்மா கேட்காதவள் போல அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு எல்லோருக்கும் டீயில் சர்க்கரை இரண்டு மடங்கு. அந்த டீயை ஒரு பெருச்சாளி குடித்துவிட்டு மூன்று நாள் தூங்காமல் கேன்டீனைச் சுற்றி ஓடியது என்று காவல்காரர் சொல்வார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

அடுத்த வாரம் புட்டிக்குக் கோடு போட்ட புது மூடிகளோடு புதிய தாள் வந்தது. டாக்டரே திருத்தி எழுதியிருந்தாள். அதற்குக் கேள்வி மேடம் தமிழில் எழுதிய வரி இது: "புட்டியின் மூடியில் உள்ள கோடு வரை ஊற்றவும். அதுதான் ஒரு வேளை. காலையில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை. ஒரு நாளில் அதற்கு மேல் கொடுக்க வேண்டாம், குழந்தை இருமினாலும்." ஸ்பூன் என்ற சொல்லே கிடையாது. காவல்காரர், டிரைவர், சமையல்காரம்மா, மேனேஜர், நாலு பேரும் ஊற்றினார்கள். இரண்டு வேளைக்குமாக நாலு கோப்பையிலும் பத்து மில்லி. மேனேஜர் தன் கோப்பையை மற்ற மூன்றோடும் ஒட்டி வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, பரீட்சையில் பாஸான பையனைப் போலச் சிரித்தார். பேனா மூடி கழன்றது. சுவருக்கு அந்தப் பக்கம் யந்திரம் ஓடியது. தம்ளர் நடக்கத் தொடங்கியது.

ஒரு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, கேள்வி மேடத்தின் பெற்றோர் வைத்த பெயருக்கு. இங்கிலீஷில் ஒரே வரி. தமிழில் சொன்னால், "மறு அறிவிப்பு வரும்வரை தாங்கள் தற்போதைய பணியில் தொடரலாம்."

நூறு தடவை படித்தாள். படித்தவள், இங்கிலீஷில் முதலாவது, பிறருக்கெல்லாம் படித்துச் சொன்னவள். தன் கடிதம் நல்லதா கெட்டதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் வழக்கம்போல மூன்று பேரையும் கூப்பிட்டாள்.

"தொடரலாம்னு போட்டிருக்கே, அப்புறம் என்ன? பர்மனன்ட்தான்" என்றார் டிரைவர்.

"மறு அறிவிப்புன்னா அது நாளைக் காலையிலேயே வரும். நான் வாசல்ல எத்தனை பேரைப் பாத்திருக்கேன்" என்றார் காவல்காரர்.

"தற்போதைய பணின்னா? இப்ப தற்காலிகம். அப்ப கடைசி வரைக்கும் தற்காலிகமாவே தொடரலாம்னு சொல்றாங்க" என்றாள் சமையல்காரம்மா. "நல்லா எழுதறாங்கய்யா கடுதாசி. பிடிக்கவும் இல்ல, விடவும் இல்ல."

மூன்று கோப்பையிலும் மூன்று அளவு. ஆகவே என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

அவர் படித்தார். "நல்ல கடிதம்தானேம்மா. அன்னைக்கு நான் லாரி நின்னுச்சுன்னுதான் எழுதினேன். ஏன் நின்னுச்சுன்னும் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றாள் கேள்வி மேடம். அந்தச் சொல் தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டுத் திடுக்கிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள். "சார், இந்தக் கடிதத்தை வெச்சுக்கிட்டு, இப்ப நீங்க என்ன செய்வீங்க?"

மேனேஜர் அவளைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். சொல்லவில்லை, எழுந்து, சட்டைப்பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, பறந்து போனார். வாசல் பக்கம்.

அன்று மாலை மாமியார் கதவைத் திறந்து, "மை போட்டாங்களா?" என்று கேட்டபோது, "தெரியல அத்தை, நாளைக்குத் தெரியும்" என்றாள். மாமியார் கடிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதுக்கு அந்த மாத்திரைத் தாளே தேவலை" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை வாசலில் காவல்காரர் அவளை நிறுத்தினார். முகத்தில் கவலை. பதிவேடு முன்பக்கம் திறந்திருந்தது.

"மேடம், கடைசிப் பக்கத்துல உங்க பேரை யாரோ அழிச்சிருக்காங்க. நான் இல்ல, சத்தியமா நான் இல்ல. முன்னாடிப் பக்கத்துல யாரோ புது ஆள் சேந்திருக்காங்க போல. நேத்து வரைக்கும் இந்தப் பேரு இங்க இல்ல. எழுத்து கிறுக்கலா இருக்கு, யாருன்னு விசாரிக்கணும்."

அவள் குனிந்து பார்த்தாள். நீல மை. அவசரக் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் அடுத்த வரி வரை பறந்திருந்தது. அம்மாவும் அப்பாவும் எத்தனை ஆசையாக வைத்த பெயர். மூன்று வருஷத்துக்குப் பிறகு அதை மையில் பார்க்க யாரோ தெரிந்தவர்களை வெளியூரில் பார்த்தது போல இருந்தது.

"அண்ணே, மூணு வருஷம் மாசாமாசம் பென்சில்ல எழுதினது நீங்கதானே? அந்தப் பேரை ஒரு தடவை படிச்சுப் பாருங்க."

காவல்காரர் விரல் வைத்துப் படித்தார். மெதுவாக, உதட்டை அசைத்து, இரண்டு முறை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நாலேமுக்கால் அடி மனிதர் அன்றைக்கு ஸ்டூல் இல்லாமலே ஐந்தடிக்கு மேல் உயர்ந்து நின்றார், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். பேனாவைத் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.